பேர் போகாது, தொகை போகும்

1981 மார்ச். மன்னார்ப் பகுதியில் ஒரு முஸ்லிம் கிராமத்தில் நான் ஆசிரியனாகச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. குடிசன மதிப்பீட்டுக்கு ஆள் தேவைப்பட்டபோது, வழமைபோல ஆசிரியர்களும் கிராம சேவகர்களும் அகப்பட்டோம். கச்சேரியில் பயிற்சி தந்தார்கள். இரகசியம் காப்பேன் என்று சத்தியப் பிரமாணம் செய்வித்தார்கள். படிவக் கட்டையும் பென்சிலையும் கையில் தந்து வீடுவீடாக அனுப்பினார்கள்.

கடற்கரைப் பக்கம் ஒரு ஓலை வீடு. அங்கே ஒரு மூத்தம்மா மட்டும் இருந்தார். பேர், வயது, பிறந்த இடம் எல்லாம் சொன்னார். இனம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"என்னத்துக்கு மகன் இது? நாங்க எத்தின பேர் எண்டு தெரிஞ்சா அவங்களுக்கு என்ன?"

பயிற்சியில் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்தேன். "உம்மா, உங்கட பேர் ஒருத்தருக்கும் போகாது. கோர்ட்டு கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. தொகைய மட்டுந்தான் எடுப்பாங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேர் போகாட்டி என்ன, தொகை போகுதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. படிப்பறிவில்லாத பேச்சு என்று எடுத்துக்கொண்டு, சோனகர் என்ற கட்டத்தை அடையாளமிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு நாற்பது வருடமாகப் புள்ளிவிபர வரலாற்றை என்னால் இயன்ற அளவு படித்துக்கொண்டு வருகிறேன். அந்த மூத்தம்மா கேட்டதற்குச் சரியான விடை சொன்ன ஒரு சட்டத்தை இன்னும் நான் காணவில்லை.

இந்த நாட்டில் முதலாவது முழுக் குடிசன மதிப்பீடு நடந்தது 1871இல். அப்போது எண்ண வந்தவர்களுக்கு யாரை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்பதே விளங்கவில்லை. 24 இனங்கள், 78 தேசியங்கள் என்று பட்டியல் நீண்டது. பத்து வருடம் கழித்து, 1881இல், அது ஏழு இனங்களாகச் சுருங்கிவிட்டது: ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், வேடர், ஏனையோர். பத்து வருடத்தில் மனிதர்கள் மாறிவிடவில்லை. பெட்டிகளைத்தான் மாற்றியிருந்தார்கள். அந்த வருடம் சோனகர் என்ற பெட்டிக்குள் 1,84,542 பேர் விழுந்தார்கள்.

பெட்டிக்குள் விழுந்த தொகை சும்மா கிடக்கவில்லை. சட்டநிரூபண சபையில் இடம் கேட்பதற்கு அதுதான் அத்தாட்சி. 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மார்க்கத்தால்தான் முஸ்லிம்கள் என்று றோயல் ஆசியக் கழகத்தில் கட்டுரை வாசித்தார். அடுத்த வருடமே, 1889இல், முஸ்லிம்களுக்குத் தனி நியமன உறுப்பினராக எம். சீ. அப்துல் ரஹ்மான் சபைக்குப் போனார். இராமநாதனுக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் நூலாக வந்தது. இந்த விவாதத்தை நம்மவர்கள் வழமையாக வம்சாவளி விவாதமாகவே வாசிக்கிறோம். நான் அதை ஒரு புள்ளிவிபர நிரலைப் பற்றிய விவாதமாகவும் வாசிக்கிறேன். சோனகர் என்ற நிரல் தமிழர் என்ற நிரலுக்குள் கரைந்திருந்தால் ஓர் ஆசனம் கரைந்திருக்கும். இரண்டு தரப்புக்கும் அது தெரிந்தே இருந்தது.

1911இல் அந்த நிரலையும் பிளந்து, இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று வகுத்தார்கள். நாலு வருடத்தில் 1915 கலகம் வந்தது. கோபம் கரையோரச் சோனகர் மேலே என்றுதான் சொன்னார்கள். கடைகளை உடைத்தவர்கள் நிரல் பார்த்து உடைக்கவில்லை.

சோல்பரி அரசியலமைப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு இன்னோர் ஆசனம் என்று வகுத்தபோது எண்ணிக்கையின் பெறுமதி இன்னும் கூடியது. ஆகவே நமது தலைவர்கள் எண்ணப்படுவதை ஒருபோதும் எதிர்க்கவில்லை. 'சென்சஸில ஒருத்தரையும் விடாம பதியுங்க' என்று பள்ளியில் அறிவித்த காலம் எனக்கு ஞாபகம். அது பிழையென்று இப்போதும் சொல்லமாட்டேன்.

ஆனால் எண்ணியதை யார், எதற்கு எடுத்துப் பாவிக்கலாம் என்பது வேறு கேள்வி. அதை நாங்கள் கேட்கவேயில்லை.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிப்போன கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. இது பலரும் கண்டு பதிவுசெய்த விடயம். இடாப்பு குடிசன மதிப்பீடு அல்ல, அது பகிரங்க ஆவணம். ஆட்சேபனை இருந்தால் சொல்லட்டும் என்று ஊருக்கு ஊர் பார்வைக்கு வைக்கும் புத்தகம். அந்தப் பகிரங்கத்தன்மை ஜனநாயகத்துக்குத் தேவையானது. அதுவே ஒரு ஜூலை மாதத்தில் வீதிக்கு வீதி, கதவுக்குக் கதவு வழிகாட்டியாகிவிட்டது. அந்த இடாப்பில் இனம் என்று ஒரு நிரல்கூட இல்லை. பேரை வைத்தே இனத்தைப் படித்தார்கள். நம்முடைய பேர்களைப் படிப்பது அதைவிட இலேசு.

அதே வருடம், டிசம்பர் 15ஆந் திகதி, மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அங்கே அந்த வருடம் ஏப்ரலில் நடக்கவிருந்த குடிசன மதிப்பீட்டுக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து நீதிமன்றம் போயிருந்தார்கள். தன்னைப் பற்றிய தகவலை யார், எதற்காகப் பாவிக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அந்தந்த மனிதனுக்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. புள்ளிவிபரத்துக்கென்று எடுத்த தகவலை நிர்வாகத் தேவைக்குத் திருப்பக்கூடாது என்றும் கூறியது. மதிப்பீடு 1987க்குத் தள்ளிப்போனது. ஜேர்மனியர் ஏன் அவ்வளவு பயந்தார்கள் என்பதற்கு அவர்களுடைய சொந்த வரலாறே காரணம். அந்த வரலாற்றில் ஒல்லாந்துக்கும் ஒரு பக்கம் உண்டு. நம்முடைய மூத்தம்மாவின் பேச்சு விளங்குவதற்கு அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

1940இல் ஜேர்மன் படை ஒல்லாந்துக்குள் நுழைந்தபோது, அங்கே ஐரோப்பாவிலேயே ஒழுங்கான குடியிருப்பாளர் பதிவேடு இருந்தது. ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையில் சமயமும் இருந்தது. கெட்ட எண்ணத்தோடு எழுதியதல்ல, நல்ல நிர்வாகத்துக்காக எழுதியது. 1941 ஜனவரியில் யூதர்கள் தனியாகப் பதிய வேண்டுமென்று கட்டளை வந்தது. அந்த வருடமே அம்ஸ்டர்டாம் மாநகரப் புள்ளிவிபரப் பகுதி ஒரு நகர வரைபடம் தயாரித்தது. அதில் ஒவ்வொரு கறுப்புப் புள்ளிக்கும் பத்து யூதர். அந்த வரைபடத்தில் ஒரு பேர் கிடையாது, ஒரு வீட்டு இலக்கம் கிடையாது. எங்களுக்குக் கச்சேரியில் சொல்லித் தந்த இரகசியக் காப்பு விதியை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு மீறலும் இல்லை. ஒல்லாந்து யூதர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27ஆந் திகதி இரவு, பொலிஸ் உடுப்புப் போட்ட சில ஓவியர்களும் மாணவர்களும் அம்ஸ்டர்டாம் பதிவேட்டுக் காரியாலயத்துக்குள் புகுந்து அட்டைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். ஒரு பங்குதான் எரிந்தது. அவர்களில் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இது ஆக்கிரமிப்பு இராணுவத்தின் கதை, ஜனநாயக நாட்டில் நடக்காது என்று ஒருவர் சொல்லலாம். நானும் முன்னர் அப்படித்தான் நினைத்தேன். 1942இல் அமெரிக்கா, மேற்குக் கரையில் இருந்த ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்குள் அடைத்தது. அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கப் பிரசைகள். எந்த நகரத்தில், எந்தத் தெருத்தொகுதியில் எத்தனை ஜப்பானியர் என்று 1940 மதிப்பீட்டிலிருந்து கூட்டிக் கொடுத்தது குடிசன மதிப்பீட்டுப் பணியகம். பேர் கொடுக்கவில்லை, தொகைதான் கொடுத்தோம் என்று பணியகம் பல தசாப்தம் சொல்லிக்கொண்டிருந்தது. மார்கோ அண்டர்சன், வில்லியம் செல்ட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய கோப்புகளைக் கிளறினார்கள். 2000ஆம் ஆண்டு பணியகத்தின் பணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். 2007இல் அதே ஆய்வாளர்கள், 1943இல் வொஷிங்டன் பகுதி ஜப்பானியரின் பேர்களும் விலாசங்களுமே கைமாறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். போர்க்காலச் சட்டம் ஒன்று இரகசியக் காப்பை அப்போது தளர்த்தியிருந்தது. சத்தியப் பிரமாணத்தைப் பாராளுமன்றம் ஒரே நாளில் தளர்த்திவிடலாம் என்பதை நம் நாட்டுக் கணக்கெடுப்பாளருக்கு ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் ஒன்று 2004இல் வெளியே வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு, அரபு வம்சாவளியினர் எந்தெந்தத் தபால் வலயத்தில் எத்தனை பேர், எகிப்தியர் எத்தனை, ஈராக்கியர் எத்தனை, பலஸ்தீனர் எத்தனை என்று அதே பணியகம் பிரித்துக் கொடுத்திருந்தது. விமான நிலையங்களில் எங்கெங்கே அரபியில் அறிவிப்புப் பலகை வைப்பது என்று பார்க்கத்தான் கேட்டோம் என்றார்கள். ஏற்கெனவே பகிரங்கமாக இருந்த எண்கள்தான், சட்டப்படி பிழையில்லை. ஆனாலும், ஆபத்தில் இருக்கும் சமூகங்களைப் பற்றி வரும் இப்படியான வேண்டுகோள்களை மேலதிகாரி பார்த்து அனுமதிக்க வேண்டுமென்று அதற்குப் பிறகு ஒழுங்கை மாற்றினார்கள். சட்டம் மீறப்படாத இடத்தில் மக்கள் வெட்கப்பட வைத்தார்கள், பணியகம் வெட்கப்பட்டது. அறநெறிக் கண்காணிப்பு என்று நான் சொல்வது தொடங்குவது அந்த இடத்தில்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

1981இல் இலங்கைச் சோனகர் நூற்றுக்கு 7.05. 2012இல் 9.3. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'பாருங்கள், நாடு பறிபோகிறது' என்று மேடை மேடையாகப் பேசியவர்களை நாம் மறக்கவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று கதை கட்டிப் பள்ளியையும் கடைகளையும் தாக்கினார்கள். அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை. ஆனால் அந்தக் கதை ஒட்டிக்கொள்வதற்கு ஒரு சுவர் வேண்டியிருந்தது. அந்தச் சுவரை எண்களால் கட்டிவைத்திருந்தார்கள்.

அதே அட்டவணையில் மற்ற வரிகளையும் படித்தால் வேறு கதை தெரியும். 1981இல் சிங்களவர் நூற்றுக்கு 73.95, 2012இல் 74.9. கூடித்தான் இருக்கிறது. குறைந்தது தமிழர்கள். இலங்கைத் தமிழரும் மலையகத் தமிழரும் சேர்ந்து 18.2இலிருந்து 15.3க்கு இறங்கினார்கள். முப்பது வருடப் போரில் செத்தவர்களும், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் போனவர்களும், தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் விட்டுப்போன வெற்றிடம் அது. ஒரு பகுதி குறைந்தால், மற்றப் பகுதிகள் ஓரடி நகராமலே அவர்களுடைய நூற்றுவீதம் ஏறும். முஸ்லிம்களிடம் பிறப்பு வீதம் கூட என்பதும் உண்மை. அதை மறைத்து ஒரு பலனும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது புள்ளிவிபரம். ஒன்றை மட்டும் சொன்னால் அது துவேசம்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் அந்த எண்களில் பொய் சொல்லவில்லை. அட்டவணையை ஒழுங்காகத்தான் வெளியிட்டது. ஆனால் ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழு 1994இல் ஏற்றுக்கொண்ட, பொதுச்சபை 2014இல் உறுதிப்படுத்திய அடிப்படைக் கோட்பாடுகள் பத்து இருக்கின்றன. அவற்றில் ஒன்று, புள்ளிவிபரம் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டாலோ பாவிக்கப்பட்டாலோ அதைப் பற்றிக் கருத்துச் சொல்லப் புள்ளிவிபர நிறுவனங்களுக்கு உரித்து உண்டு என்கிறது. தனியாட்களின் தகவலை இரகசியமாக வைப்பது பற்றிய கோட்பாட்டை எல்லாருக்கும் தெரியும். இந்த மற்றக் கோட்பாட்டை மேசையில் யாரும் எடுத்து வைப்பதில்லை. மேடையில் 9.3ஐச் சுழற்றும்போது, 'ஐயா, கீழ் வரியையும் படியுங்கள்' என்று சொல்லும் கடமை யாருக்கு?

இவ்வளவும் எழுதியபின், 'அப்ப எங்கள எண்ணவே வேணாம் எண்டு சொல்லுவமா?' என்று ஒரு வாசகர் கேட்டால் இல்லை என்பேன். அந்தப் பக்கத்தின் வலியை நான் அனுபவித்தவன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 75,000 பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பிடத்தான் முடியும், ஏனென்றால் எண்ணவில்லை. 1991இல் வந்திருக்க வேண்டிய குடிசன மதிப்பீடு போரினால் நடக்கவில்லை. 2001இல் நடந்தது 18 மாவட்டங்களில்தான் முழுமையடைந்தது. மன்னாரும் யாழ்ப்பாணமும் அந்தப் பதினெட்டுக்குள் இல்லை. ஒரு சமூகம் வேரோடு பிடுங்கப்பட்ட முப்பது வருடத்துக்கு, பிடுங்கிய இடத்தில் ஒரு எண்ணும் கிடையாது. நாங்கள் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, தென்னந்தோப்புக் கொட்டிலில் இருந்துகொண்டு, 'எங்கட ஊர் மன்னார்' என்று சொன்னபோது காட்டுவதற்கு இருந்த கடைசி அத்தாட்சி 1981 அறிக்கைதான். மன்னார் மாவட்டத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் சோனகர் என்று அது சொல்கிறது. அதில் ஒரு சிறு பங்கு என் பென்சிலால் எழுதியது. அந்த மூத்தம்மாவும் அந்தத் தொகைக்குள் ஒருவர். அவர் புத்தளத்தில் மௌத்தானார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2012இல் எங்கள் முகாம் வீட்டுக்கு மதிப்பீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு ராத்தா கதவைத் திறக்காமல் உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார். "மாஸ்டர், இங்க பதிஞ்சா ஊர்ல காணி போயிருமா? நிவாரணம் நிப்பாட்டுவாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தளத்தில் பதிந்தால் மன்னாரில் உரிமை குறையும், மன்னாரில் பதிந்தால் புத்தளத்தில் பிள்ளைக்குப் பாடசாலை இல்லை. எங்களுக்கு இது இருபது வருடத்துப் பிரச்சினை. குடிசன மதிப்பீட்டுக்கும் காணிக்கும் சம்பந்தமில்லை என்று சட்டம் சொல்லும். அந்த ராத்தா சட்டத்தை அல்ல, அனுபவத்தை வைத்துத்தான் பேசினார். இந்த ஊருக்கு ஏன் வந்தீர்கள் என்ற கேள்விக்குத் தயாராக இருந்த விடைகளில் ஒன்று இடம்பெயர்வு. எங்கள் ஒக்டோபர் முழுவதும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கியது.

அறநெறிக் கண்காணிப்பு இல்லாத குறையை அன்றுதான் உணர்ந்தேன். எண்ணப்படாவிட்டால் மறைந்துபோவோம், எண்ணப்பட்டால் குறிவைக்கப்படுவோம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நிற்பவர்களை முன்கூட்டியே கூப்பிட்டு, 'இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டால் உங்களுக்கு என்ன நடக்கும்?' என்று கேட்கும் ஒரு சபை வேண்டும்.

பிரித்தானியாவில் அப்படி ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்கள். தேசியப் புள்ளிவிபரவியலாளருக்கு ஆலோசனை சொல்லும் தரவு அறநெறிக் குழு. திணைக்களத்துக்கு வெளியே இருந்து வருபவர்களும் அதில் இருக்கிறார்கள். ஓர் ஆய்வுக்கு அரச தரவைப் பாவிக்குமுன், அது பொதுநன்மைக்கானதா, சட்டப்படியானதா என்று பார்ப்பதோடு, சாதாரண மக்களின் அபிப்பிராயம் என்ன என்றும் பார்க்க வேண்டும். கூட்டக் குறிப்புகளைப் பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அதே நாட்டில்தான் 2016இல் பாடசாலைத் தொகைமதிப்பில் பிள்ளைகளின் பிரசாவுரிமையையும் பிறந்த நாட்டையும் கேட்கத் தொடங்கினார்கள். மாணவர் தரவு குடிவரவு அதிகாரிகளுக்கும் போகிறது என்று வெளியே தெரிந்தது. பெற்றோர் விடை தர மறுத்தார்கள். 2018இல் அந்தக் கேள்விகளைக் கைவிட்டார்கள். குழு இருந்தால் மட்டும் போதாது, பெற்றோரும் வேண்டும். அதிபராக இருந்த காலத்தில் நானும் வருடாவருடம் பாடசாலைத் தொகைமதிப்புப் படிவம் நிரப்பினேன். இது யாரிடம் போகிறது என்று ஒரு வருடமாவது கேட்டேனா? கேட்கவில்லை.

நம் நாட்டில் 2016இல் தகவலறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரண்டும் நல்லவை. முதலாவது அரசின் கோப்பைத் திறக்கிறது, இரண்டாவது தனியாளின் தகவலுக்குக் காவல் வைக்கிறது. ஒரு சமூகத்தின் தொகைக்கு இரண்டும் காவல் இல்லை. அம்ஸ்டர்டாம் வரைபடத்தை இன்று இங்கே ஒருவர் தயாரித்தால் எந்தப் பிரிவின் கீழ் தடுப்பது? கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் இனவாரி எண்கள் எல்லாருக்கும் கிடைக்கும் காலம் இது. அவற்றை மூடிவைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, ஏனென்றால் நமது ஊருக்கு ஆஸ்பத்திரி கேட்பதற்கும் அதே எண்கள்தான் வேண்டும். ஆனால் எந்த மட்டத்தில் வெளியிடுவது, எந்த விளக்கத்தோடு வெளியிடுவது, பாதுகாப்புத் தரப்பு கேட்டால் யார் கையெழுத்து வேண்டும் என்பவற்றைத் திணைக்கள அதிகாரிகள் மட்டும் தீர்மானிக்கக்கூடாது. மன்னாரிலிருந்து வந்த ஒருவரும், 1983ஐக் கண்ட ஒரு வெள்ளவத்தைத் தமிழரும், தோட்டத்து லயத்திலிருந்து ஒருவரும், அவர்களோடு எல்லைக் கிராமத்துச் சிங்களவர் ஒருவரும் அந்த மேசையில் இருக்க வேண்டும். எண்களால் அடிபட்டவர்களுக்குத்தான் எண் எங்கே அடிக்கும் என்று தெரியும்.

2024 கடைசியில் மறுபடி மதிப்பீடு வந்தது. இம்முறை பென்சில் இல்லை, டெப்லட். எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மரியாதையாகக் கதைத்தது. நான் பழைய கணக்கெடுப்பாளர் என்று சொன்னதும் சந்தோசப்பட்டது. இன்ன இடத்தில் பிறந்தேன், இன்ன இனம், இன்ன மார்க்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடிவில் கேட்டேன்: "மகள், இது எங்க போகும்?"

"பயப்பிடாதீங்க சேர். பேர் ஒண்டும் வெளிய போகாது. தொகை மட்டுந்தான்."

தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மகள் என்றேன். இன்னும் பதினாலு வீடு கிடக்கு சேர் என்று சொல்லிவிட்டு, டெப்லட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கியது.